பட்டறைத் தம்பிமாருக்குக் கண்ணைப் பற்றி அக்கா சொல்வது

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தூத்துக்குடி வெல்டிங் பட்டறைகளுக்கு ஓய்வே கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வின்ச்சு, டீசல் டேங்க், கைப்பிடிக் கம்பி என்று எல்லாப் பழுதையும் அதற்குள் பார்த்தாக வேண்டும். இந்த அவசரத்தில்தான், தம்பிமாரே, கண்ணை மறந்துவிடுகிறீர்கள்.

“ஒரு டேக்தானே” என்று ஷீல்டை எடுக்காமல், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு ராடை வைக்கிறீர்களே, முதலில் அதை விடுங்கள். ஆர்க்கில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். ஒவ்வொரு டேக்கும் சேர்ந்து சேர்ந்து, அன்றைய கணக்கு ராத்திரிதான் தெரியவரும். அதோடு போவதுமில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங்கின் புற ஊதாக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவிலேயே சேர்த்தது. கண்ணுக்குள் வரும் மெலனோமாதான் காரணம்.

ஷீல்டு போட்டால் வேலை தெரியவில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் பல நேரம் குறை கறுப்புக் கண்ணாடியில் இருக்காது, அதற்கு முன்னால் செருகும் வெள்ளைக் கண்ணாடியில் இருக்கும். ஷீல்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி புள்ளியாகப் பொரிந்து, புகை ஏறி மங்கிப் போயிருக்கும். விலை சொற்பம், நாலைந்து வாங்கிப் போட்டு, மங்கினதும் மாற்றுங்கள். கறுப்புக் கண்ணாடியை நம்பர் பார்த்து வாங்குங்கள். சாதாரண ராடு வேலைக்கு 10 அல்லது 11. ஆம்பியர் 160ஐத் தாண்டினால் 12. நம்பரே இல்லாததும் கீறல் விட்டதும் வேண்டாம். கேஸ் கட்டிங் கண்ணாடி 5 நம்பர் அளவில்தான் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கைப் பார்க்கவே கூடாது. கூலிங் கிளாஸும் அப்படித்தான்.

ராடு முடிந்ததும் ஷீல்டைத் தூக்கிவிட்டுக் கசடு தட்டுவீர்கள். சூட்டோடு சில்லு பறப்பது அப்போதுதான். கிரைண்டரிலும் இதே கதை. இரண்டுக்கும் பக்கம் மூடிய வெள்ளை பாலிகார்பனேட் கண்ணாடி கழுத்திலேயே தொங்கட்டும்.

தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனை மறக்காதீர்கள். ராடு பிடிப்பவரிடம் ஷீல்டு இருக்கிறது, அவனிடம் வெறுங்கண்தான். ஓனர் அண்ணாச்சிமாரே, அவனுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக் கொடுங்கள். தெருவைப் பார்த்த பட்டறை என்றால் கெட்டியான தார்ப்பாய் ஒன்றைக் கட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தை நின்று பார்க்கும்.

இனி வீட்டிலிருக்கும் தங்கச்சிகளுக்கு. ஆர்க் அடித்த கண் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். நடு ராத்திரியில் கண்ணுக்குள் மண்ணை வாரிப் போட்டது போல உறுத்தி, நீராகக் கொட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். விளக்கை அணைத்து, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் போடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். நம் பக்கத்தில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் அதிகம். சுட்டு வெந்த கண்ணில் கிருமி போனால் பார்வையே போய்விடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அந்தப் புண்ணை இன்னும் மோசமாக்கும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து வலியை உடனே நிறுத்தும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறவே ஆறாது.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். ஆர்க் அடித்தால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் வலிக்கும். ஒரு கண் மட்டும் உறுத்தினால் இரும்புச் சில்லு என்றே சந்தேகப்படுங்கள். துணி முனை, ஊக்கு, நாக்கு என்று யாரையும் எடுக்கவிடாதீர்கள். கருவிழியில் தங்கிய இரும்பு ஒரே நாளில் துருக்கறை வைக்க ஆரம்பித்துவிடும். சுத்தியல் அடியில் பறந்த சில்லு அதிக வலியில்லாமல் கண்ணுக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தக் கண்ணை அழுத்தாமல் உடனே கிளம்ப வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும், என்ன வேலை பார்க்கும்போது பட்டது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.