பழைய சென்ட் சரக்கு: மதிப்பிட்டு வாங்குவது எப்படி?

மளிகையோடு சோப்பு, பவுடர், ஷேவிங் சாமான்களும் விற்கும் நம் கடைகளில் ஆண்களுக்கான ஆஃப்டர்ஷேவ், சென்ட் வகைகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. "பழைய ஓல்டு ஸ்பைஸ் வாசனை இப்போது வருவதில்லையே" என்று குறைப்படும் மூத்த வாடிக்கையாளர்களும் உண்டு. இதை அறிந்து, "அந்தக் காலத்து அசல் சரக்கு, இனிக் கிடைக்காது" என்று பெட்டி பெட்டியாக இறக்க முன்வரும் தரகர்களும் உண்டு. அத்தகைய சரக்கில் முதல் போடுமுன் நாம் அறிய வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

மூக்குப் பயிற்சி நமக்குப் புதிதல்ல. ஏலக்காயை நசுக்கியும், பெருங்காயத்தை முகர்ந்தும் தரம் சொல்பவர்கள்தாம் நாம். ஆனால் சென்ட் வேறு மாதிரி. முதல் மோப்பத்தில் அது தன் முழுக் குணத்தையும் காட்டாது. அதற்கு ஒரு நாள் பிடிக்கும்.

பெயர் ஒன்று, சரக்கு பல

ஆண்களுக்கான சென்டுகளில் புகழ்பெற்ற சில குடும்பங்கள் உள்ளன. பிரான்சின் ஊபிகான் நிறுவனம் 1882இல் 'ஃபூஜேர் ராயல்' என்ற சென்டை வெளியிட்டது. லாவெண்டர், ஓக் மரப்பாசி, செயற்கையாகத் தயாரித்த கூமரின் ஆகியவற்றின் சேர்க்கை அது. 1964இல் வந்த 'ப்ரூட்', 1982இல் வந்த 'டிராக்கர் நுவார்' ஆகியவை இந்த வழியில் வந்தவையே. 1966இல் டியோர் நிறுவனத்துக்காக எட்மண்ட் ருட்னிட்ஸ்கா உருவாக்கிய 'ஓ சவாஜ்' எலுமிச்சை வாசனைக்குப் பெயர் பெற்றது. 1938இல் அமெரிக்காவின் ஷல்டன் நிறுவனம் ஆண்களுக்காக வெளியிட்ட 'ஓல்டு ஸ்பைஸ்', நம் அஞ்சறைப் பெட்டியை நினைவூட்டும் கிராம்பு, பட்டை வகை மணம் கொண்டது.

பெயர் அப்படியே இருந்தாலும் புட்டிக்குள் இருப்பது மாறியிருக்கலாம். ஓல்டு ஸ்பைஸ் 1990இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மூலப்பொருள்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. ஓக் மரப்பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரு பொருள்கள் தோல் ஒவ்வாமை தருவதால், அவை உள்ள புதிய சரக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆகஸ்டு முதல் தடுத்தது. 'லிலியல்' என்ற வாசனைப் பொருளுக்கு 2022 மார்ச் முதல் தடை வந்தது. ஆகவே "இப்போது அந்த வாசனை இல்லை" என்பவரை நினைவு பிசகியவர் என்று தள்ளிவிட முடியாது. அதேபோல், பழையது என்பதாலேயே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

கெடுவது எதனால்?

வெயில், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் சென்டுக்குப் பகை. முதலில் கெடுவது எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள். அவை காற்றுப்பட்டால் புளிப்பும் காரமும் கலந்த வாடை அடிக்கும். மரம், பிசின், கஸ்தூரி வகை மணங்கள் நீண்ட காலம் தாங்கும். வனிலின் கலந்த சரக்கு நாளடைவில் பழுப்பாகும். அந்த நிறத்தை மட்டும் வைத்துக் கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். சீல் பிரிக்காத பெட்டி என்பதும் உத்தரவாதமல்ல. தகரக் கூரைக் கிடங்கில் பல கோடை கண்ட சீல் புட்டியைவிட, இருட்டு அலமாரியில் இருந்த பிரித்த புட்டி நன்றாக இருக்கக்கூடும்.

சோதிக்கும் முறை

1. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கல், அடிமண்டி, மூடியோரப் பிசுக்கு இருக்கிறதா? ஒரே பெட்டியில் உள்ள புட்டிகளில் மட்டம் ஏறி இறங்கி இருந்தால் சாராயம் ஆவியாகியிருக்கிறது என்று பொருள்.

2. மை உறிஞ்சும் வெள்ளைத் தாளை நீளமாக நறுக்கி, ஒரு துளி விட்டு, பெயரும் நேரமும் எழுதி வையுங்கள். புட்டி வாயில் நேரடியாக முகர வேண்டாம். சாராய நெடிதான் ஏறும்.

3. ஐந்து நிமிடம், அரை மணி, நான்கு மணி கழித்தும், மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் புளித்து, அரை மணியில் சீரானால் மேல்மணம் மட்டும் போயிற்று என்று கொள்ளலாம். நான்கு மணி கழித்தும் புளிப்பு மாறாவிட்டால் தள்ளிவிடுங்கள். ஆஃப்டர்ஷேவில் வாசனை எண்ணெய் குறைவு. அது சீக்கிரம் மறைவது குற்றமல்ல.

4. புதிதாக வாங்கிய அதே பெயர்ச் சரக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

5. ஒரே அமர்வில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். இடையில் காப்பிக்கொட்டை முகர்வது வழக்கம். வெளிக்காற்றில் சற்று நின்றாலே போதும்.

6. தரகர் எடுத்துத் தரும் புட்டியை அல்ல, ஒவ்வொரு பெட்டியிலும் நாமே எடுக்கும் புட்டியைச் சோதியுங்கள்.

கணக்கும் சட்டமும்

உதாரணமாக, 12 புட்டி உள்ள பெட்டியைப் புட்டிக்கு ரூ.200 வீதம் ரூ.2,400 கொடுத்து வாங்குகிறோம். அச்சிட்ட விலை ரூ.250 என்று வைத்துக்கொள்வோம். மூன்று கெட்டுப்போனால் மீதி ஒன்பதின் அடக்கம் புட்டிக்கு ரூ.266க்கு மேல். ஒன்பதும் விற்றாலும் நஷ்டமே. "பழைய அபூர்வச் சரக்கு" என்று விலையைக் கூட்டவும் வழியில்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் சில்லறையில் விற்பதும், அந்த விலையை அழிப்பதும் திருத்துவதும் குற்றம். பழைய புட்டி சேகரிப்போர் தரும் விலையைக் கேட்டு நம் கொள்முதலைத் தீர்மானிக்க வேண்டாம்.

தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, பேட்ச் நம்பர், 'பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி' ஆகியவை தெளிவாக இல்லாத சரக்கு எவ்வளவு மணந்தாலும் நமக்கு வேண்டாம். தேதி கடந்ததைத் தட்டில் வைக்கவே கூடாது. அது முகத்தில், அதுவும் கத்தி பட்ட தோலில் தடவும் பொருள் என்பதை மறக்கலாகாது. பில் இல்லாத கொள்முதலும் வேண்டாம். பில் இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வாய் இருக்கும்.

பழைய வாசனை கேட்டு வருபவரிடம், "பெயர் அதுவேதான், சரக்கு மாறியிருக்கலாம், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்" என்று ஒரு தாளை நீட்டுவோம். பிடித்தால் வாங்குவார், பிடிக்காவிட்டாலும், உள்ளதைச் சொன்ன கடை என்று அரிசி பருப்புக்கு நம்மிடமே வருவார்.