படகில்லாமல் நண்டு பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை ஒட்டி ஓடும் உப்பு வாய்க்கால்களில் நண்டு பிடிக்கப் படகு தேவையில்லை. ஒரு கயிறு, கொஞ்சம் மீன் தலை, நிறையப் பொறுமை போதும். புதிதாகக் கரைக்கு வருகிறவர்கள் இவற்றைக் கேட்டுவிட்டுக் கயிற்றை எடுங்கள்.

1. இரை கெட்டியாக இருக்க வேண்டும். கெளுத்தித் தலை, திருக்கைத் துண்டு, கோழிக் கால் ஆகியவை நல்லவை. மெத்தென்ற மீனைக் கட்டினால் நண்டு பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும், கயிறு மட்டும் உங்கள் கையில் நிற்கும்.

2. ஏற்றம் பார்த்து வாருங்கள். சேற்று நண்டு பகலெல்லாம் வளைக்குள் கிடக்கும். பொழுது சாய்ந்து நீர் ஏறத் தொடங்கும்போது, புதிதாக நனையும் சேற்றில் சிப்பியும் நத்தையும் தேடிக் கரையை நோக்கி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வந்து உப்பு குறைந்துவிட்டால் நண்டு முகத்துவாரப் பக்கம் ஒதுங்கிவிடும். இழுப்பும் அப்போதுதான் கடுமை, கரையும் சரியும். அந்த நாட்களில் வீட்டில் இருங்கள்.

3. கயிற்றை இழுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூண்டில் நரம்பு கையை அறுக்கும், சணலோ பருத்திக் கயிறோ எடுங்கள். இரையோடு ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி வீசிவிட்டு, கயிற்றை விரல் நுனியில் வைத்திருங்கள். மீன் கடித்தால் வெடுக்கென்று தெரியும். நண்டு அப்படியில்லை. கயிறு மெல்ல விறைக்கும், பக்கவாட்டில் நகரும், பிறகு ஒரே சீராகக் கனக்கும். அந்தக் கனம் வந்ததும் இழுக்கத்தான் கை துடிக்கும். இழுக்காதீர்கள். அது இரையை இறுகப் பற்றும்வரை விட்டுவிட்டு, விரற்கடை விரற்கடையாகச் சுருட்டுங்கள். நடுவில் அது எதிர்த்து இழுத்தால் நீங்களும் நில்லுங்கள். தின்கிற பொருளை எவனோ பறிக்கிறான் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நீர்மட்டத்துக்கு வந்து வெளிச்சம் பட்டால் விட்டுவிடும். ஆகவே ஒரு முழம் ஆழத்தில் இருக்கும்போதே, கைப்பிடி வைத்த வலையை அதற்குப் பின்னாலும் கீழுமாக விட்டுக் கோரி எடுக்க வேண்டும். வலையின் நிழல் முன்னால் விழுந்தால் காரியம் கெட்டது.

4. கவ்வினால் பிடுங்காதீர்கள். பெரிய சேற்று நண்டின் கொடுக்கு சிப்பியை உடைக்கும், உங்கள் விரல் எம்மாத்திரம்! கவ்வப்பட்ட கையை அப்படியே தண்ணீருக்குள் விடுங்கள், தானாக விட்டுவிட்டு ஓடப் பார்க்கும். பிடுங்கினால் கொடுக்கு மட்டும் கழன்று, கழன்ற பிறகும் இறுக்கிக்கொண்டே இருக்கும். நண்டைத் தூக்க வேண்டுமானால் பின்னாலிருந்து, துடுப்புப் போன்ற கடைசிக் கால்களின் அடியைப் பிடியுங்கள். கொடுக்கு மடக்கிக் கட்டுவதைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

5. வளைக்குள் கை விடக் கூடாது. பாம்பும் இருக்கலாம். காட்டுக்குள் இறங்குவதானால் வனத்துறையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே தில்லை மரம் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கிளையை ஒடித்து வழி உண்டாக்காதீர்கள். ஆழமில்லாத மணலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும்.

6. பிடித்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நண்டைத் திருப்பி வயிற்று மடலைப் பாருங்கள். ஒடுக்கமாக இருந்தால் ஆண், அகலமாக வளைந்திருந்தால் பெண். மடலுக்கு வெளியே முட்டை பிதுங்கி நின்றால் அந்த நொடியே தண்ணீரில் விடுங்கள். முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் நாள் நெருங்கினால் கருத்துவிடும். பெரிய தாய் நண்டு ஒன்று பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை சுமக்கும். சேற்று நண்டில் தாய் கடலுக்குப் போய்த்தான் குஞ்சு விடும், ஆகவே முகத்துவாரத்தை நோக்கிப் போகும் பெரிய பெண் நண்டையும் மறிக்காதீர்கள். அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நெகிழ்ந்தால் இப்போதுதான் ஓடு கழற்றியிருக்கிறது, உள்ளே சதைக்குப் பதில் நீர்தான் இருக்கும். விட்டுவிட்டால் சில வாரங்களில் கனத்து வரும். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக்கும் அதே விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். கயிறும் கையுமாகக் கரையில் நிற்பவரை யாரும் தடுப்பதில்லை. அதனால் தடை உங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

7. ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வாளித் தண்ணீரில் மூழ்க வைத்தால் காற்றில்லாமல் செத்துவிடும். எப்போது செத்தது என்று தெரியாத நண்டைக் குழம்பில் போடக் கூடாது.

8. இந்த வாய்க்கால்களில் இருளர் குடும்பங்கள் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கின்றன. கழுத்தளவு நீரில் மணிக்கணக்காக நிற்பார்கள். உங்களுக்கு இது மாலைப் பொழுது, அவர்களுக்கு அன்றைய அரிசி. அவர்கள் தடவிக்கொண்டு போகும் பக்கம் கயிறு வீசாதீர்கள், தள்ளிப் போய் நில்லுங்கள்.