உன் கட்சி எது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

விருத்தாசலம் பக்கம் தமிழாசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்களா? நாவல் பாடம் நடத்த இதைவிட வாகான ஊர் அமையாது. 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையம் இந்த ஊர்வாசி. பள்ளி ஆசிரியராக இருந்தவரும்கூட.

முதலில் ஒன்று: கதைச்சுருக்கம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், 'ஆசிரியர் சமுதாய அவலத்தைப் படம்பிடித்துக் காட்டுகிறார்' என்று எல்லா நோட்டிலும் ஒரே வரி வந்து நிற்கும். பிள்ளை எதையும் படித்திருக்காது.

'செல்லாத பண'த்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டுநரைக் கட்டிக்கொண்ட ரேவதி, தீக்காயத்தோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். அப்பா நடேசன் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார். சில பக்கங்களை வாசிக்க வைத்துவிட்டு, "நடேசன்மேல் கோபமா, பரிதாபமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம், அரைப் பக்கம். பேச்சுத் தமிழில் எழுதினாலும் வெட்டாதீர்கள்.

"அவரு காச நம்புனாரு, பொண்ண நம்பல" என்று ஒரு மாணவி எழுதலாம். உடனே 'சபாஷ்' போட்டுவிட்டால் வகுப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். "எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். அவள் பக்கத்தைப் புரட்டுவாள். அதே பக்கத்தை வைத்து நடேசனுக்காக வாதாட இன்னொருவனை எழுப்புங்கள். சொந்தக் கருத்து விமர்சனமாக மாறுவது அங்கேதான்.

பெரியவர்களே ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லுங்கள். 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. எழுத்தாளர் சுந்தர ராமசாமி வெகுவாகப் பாராட்டினார்; விமர்சகர் ராஜ் கௌதமன் கடுமையாக விமர்சித்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இருக்கும் ஒடுக்குமுறையை எழுதலாமா என்ற சண்டையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒரே எச்சரிக்கை: "உங்க தெருவுல எப்படிடா?" என்று எந்தப் பிள்ளையையும் அதன் சாதிக்குச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். வீட்டில் தற்கொலையோ தீ விபத்தோ பார்த்த பிள்ளை, பேசாமல் எழுதிக் கொடுக்கட்டும், எழுதாவிட்டாலும் போகட்டும்.

வெளிமாவட்டத்துக்காரர் என்றால் உரையாடல் பகுதிகளை மாணவர்களிடமே வாசிக்கக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பேச்சு அவர்கள் வீட்டுப் பேச்சு. உங்களைவிட நன்றாக வரும். சொல் புரியாமல் நீங்கள் தடுமாறினால் இதே வட்டாரத்தின் நாவலாசிரியர் கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' இருக்கிறது.

நோட்டுத் திருத்தும்போது சரி, தவறு வேண்டாம். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். அடுத்த வகுப்பில் அதற்குப் பதில் வரவேண்டும். மதிப்பெண், கதையிலிருந்து காட்டிய ஆதாரத்துக்கு. உங்கள் கட்சியில் சேர்ந்ததற்கு அல்ல.