வந்தவர் வைத்த பெயர்கள்

ஹரோ, வெம்பிளிப் பகுதிகளில் வாழும் நம் அன்பர்களிற் பலர் முகவரியில் மிடில்செக்ஸ் என்று எழுதிப் பழகியவர்கள். அந்தக் கவுண்டியின் நிர்வாகம் 1965இல் கலைக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் போக மறுக்கிறது. நடுப்பகுதிச் சாக்சன்கள் என்பது அதன் பொருள். எசெக்ஸ் கிழக்குச் சாக்சன்களையும், சசெக்ஸ் தெற்குச் சாக்சன்களையும் குறிக்கும்.

யார் இந்தச் சாக்சன்கள்? 5ஆம் நூற்றாண்டில் உரோமர் ஆட்சி நீங்கியபின் வடகடலைத் தாண்டி வந்து இங்கு குடியேறிய செர்மானிய மக்களில் ஒரு பிரிவினர். 731இல் தமது வரலாற்று நூலை எழுதி முடித்த பீட் என்னும் துறவி, வந்தவர்களைச் சாக்சன், ஆங்கிள், ஜூட் என மூன்று இனத்தாராகப் பிரித்துச் சொல்கிறார். சாக்சன் என்ற பெயர் 'சியாக்ஸ்' என்ற கத்தியிலிருந்து வந்தது என்பர். ஒரு பக்கம் மட்டுமே கூருள்ள கத்தி அது. எசெக்ஸ் கவுண்டியின் சின்னத்தில் அத்தகைய கத்திகள் மூன்றினை இன்றும் காணலாம்.

ஆங்கிள்களின் பூர்வீகம் யேர்மனியின் வடகோடியில், பால்டிக் கடலோரத்திலுள்ள ஆங்கெல்ன். கரையின் வளைவினால் அப்பெயர் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பழைய ஆங்கிலத்தில் தூண்டில் முள்ளுக்கும் ஏறக்குறைய இதே பெயர்தான். இங்கிலாந்து என்ற பெயருக்கும், நாம் ஆங்கிலம் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் வேர் இவர்களே. ஜூட்டுகள் கென்ற்றிலும் வைட் தீவிலும் குடியேறினர். ஆனால் கென்ற் என்பது அவர்கள் கொண்டுவந்த பெயரன்று. அது யூலியஸ் சீசர் காலத்திலேயே வழங்கியது.

இவை எல்லாவற்றிலும் நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும் பெயர் வேல்ஸ். வந்தவர்கள், ஏற்கெனவே இங்கு வாழ்ந்த பிரித்தானியரை 'வெயால்' என்று அழைத்தனர். அதற்கு அந்நியன் என்று பொருள்! சொந்த மண்ணில் இருந்தவனை, கப்பலில் வந்து இறங்கியவன் அந்நியன் என்கிறான். காலப்போக்கில் அச்சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. வேல்ஸ் மட்டுமல்ல, கோர்ன்வால் என்ற பெயரின் பின்பாதியும் இச்சொல்லே. தென் லண்டனிலுள்ள வாலிங்டனும் பிரித்தானியர் வாழ்ந்த ஊர் என்ற பொருளில் எழுந்ததாகவே கூறப்படுகிறது. கடையில் வாங்கும் வால்நட் பருப்புக்கூட 'அந்நியக் கொட்டை'தான்.

வேல்ஸ் மக்களோ அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. தம் மொழியில் அவர்கள் தம்மைக் 'கும்ரி' என்பர். ஒரே நாட்டவர் என்பது அதன் கருத்து. இங்கிலாந்துக்காரர் ஆங்கிள் வழியில் வந்தாலென்ன, ஜூட் வழியில் வந்தாலென்ன, வேல்ஸ் மொழியில் அவர்கள் அனைவருக்கும் இன்றுவரை ஒரே பெயர்தான்: 'சைசன்', அதாவது சாக்சன்கள்.