ஊடலின் வாயில்

நுழையும்முன்

சினத்தைக் குறிக்கும் சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அன்பும் உரிமையும் உடையவரிடம் மட்டும் கொள்ளும் சினத்திற்குத் தனிப்பெயரிட்டு, அதற்கு இலக்கணமும் வகுத்தது தமிழ். அச்சொற்களின் பொருள் நுட்பத்தையும், இலக்கியத்திலும் விழாவிலும் அவை வாழும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காயும் பழமும்

திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையில் விளையாடும் சிறுமியர் இருவர் பிணங்கினால், ஒருத்தி மற்றவளிடம் 'காய்' விடுகிறாள். பிணக்குத் தீர்ந்ததும் 'பழம்' விடுகிறாள். பகைவரிடம் எவரும் காய் விடுவதில்லை. நாளையும் உடன் விளையாட வேண்டியவரிடமே காய் விட முடியும்.

இந்த வேறுபாட்டைப் பேச்சுமொழியின் இலக்கணமும் உணர்ந்திருக்கிறது. 'கோபித்தான்' என்பது பிறர்மீது பாயும் சினம். 'கோபித்துக்கொண்டான்' என்பதோ, ஒதுங்கி நின்று தன்னை யாரேனும் அழைப்பார்களா என்று காத்திருக்கும் சினம். 'கொள்' என்னும் துணைவினை சினத்தின் திசையையே மாற்றிவிடுகிறது.

ஆங்கிலச் சொற்கள்

இத்தகைய சினத்திற்கு ஆங்கிலத்திலும் பல சொற்கள் உள்ளன. 'ஹஃப்' என்பது மூச்சைப் புஸ்ஸென்று விடும் ஒலியிலிருந்து தோன்றியது. 'பீக்' என்பது குத்துதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெண்களின் தனியறையைக் குறிக்கும் 'பூத்வார்' என்னும் சொல், முகத்தைச் சுளித்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியாகப் பிறந்தது.

'டட்ஜன்' என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்குகிறது. மனத்தாங்கலோடு கூடிய சினத்தைக் குறிக்கும் இச்சொல், இன்று பெரும்பாலும் 'ஹை டட்ஜன்' என்னும் தொடரில் மட்டுமே வாழ்கிறது. இதன் பிறப்பை அகராதியாளர்கள் இன்றுவரை கண்டறியவில்லை. குத்துவாளின் கைப்பிடி செய்யும் மரத்தைக் குறிக்கும் 'டட்ஜன்' என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. சினந்தவர் கைப்பிடியைப் பற்றுவதால் இரண்டும் ஒன்றே எனக் கருதத் தோன்றும். ஆயினும், அதற்குச் சான்றில்லை. ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்பை நிறுவிவிடாது என்பதற்கு இச்சொல் தக்க எடுத்துக்காட்டாகும்.

மூச்சு, முகச்சுளிப்பு எனச் சினந்தவரின் புறத்தோற்றத்தை இவற்றுள் சில காட்டுகின்றன. தமிழ்ச் சொல்லோ சினந்தவருக்கும் சினத்திற்கு உரியவருக்கும் இடையிலுள்ள உறவைக் காட்டுகிறது.

வெகுளி வேறு, ஊடல் வேறு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியை வைத்தார். கறுப்பு, சிவப்பு என்னும் நிறச்சொற்கள் வெகுளியை உணர்த்தும் என்றும் கூறினார். ஊடலுக்கோ வேறோர் இடம் அமைந்தது. வயலும் வயல்சார்ந்த இடமுமாகிய மருதத்தின் உரிப்பொருளாக அது விளங்குகிறது.

மருதத் தலைவியின் ஊடலுக்குக் காரணம் உண்டு. தலைவன் பரத்தையை நாடிச் சென்றான். இல்லறத்தில் அவளுக்குரிய இடத்தை மறந்தான். அத்தவற்றைத் தலைவி சுட்டிக்காட்டும் முறையே ஊடல். எனவே, ஊடலை வெறும் பிடிவாதம் எனக் கொள்வது பொருந்தாது. அது முறையீடும் ஆகும். ஊடல் தீர்க்க வருவோர் 'வாயில்கள்' எனப்பட்டனர். தோழி, பாணன், விறலியர் முதலாகப் பன்னிருவரைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. தூதாக வருபவரையும் வீட்டின் கதவையும் ஒரே சொல் குறிப்பது எண்ணத்தக்கது. தலைவி வாயில் மறுக்கலாம். வாயில் நேரவும் செய்யலாம். அந்த உரிமை அவளுடையது.

அளவறிந்த சினம்

திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் (131–133) புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என இப்பொருளையே பேசுகின்றன. புலவி என்பது இளம்பிணக்கு; துனி என்பது முதிர்ந்த பிணக்கு. துனி இல்லாத காதல் மிகக் கனிந்த பழத்தையும், புலவி இல்லாத காதல் முதிராத காயையும் ஒக்கும் என்கிறார் வள்ளுவர். புலவி உணவில் இடும் உப்பைப் போன்றது. சிறிது மிகுந்தாலும் சுவை கெடும். ஊடியவரைத் தேற்றாமல் விடுவதோ வாடிய கொடியை வேரோடு அறுப்பதற்கு ஒப்பாகும். அளவு காத்தல் ஊடியவரின் கடமை என்றால், தேற்றுதல் மற்றவரின் கடமையாகும். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பது அவர் கண்ட முடிவு.

அரங்கத்தில் ஊடல்

பாலக்கரையிலிருந்து சிறிது தொலைவில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த திருவரங்கத்தில் இம்மரபு ஆண்டுதோறும் விழாவாக நிகழ்கிறது. பங்குனி ஆயிலிய நாளில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து, உறையூர்க் கமலவல்லி நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருள்கிறார். பங்குனி உத்திரத்தன்று அரங்கநாயகித் தாயாரின் சன்னிதிக்கு அவர் வரும்போது கதவு அடைக்கப்படுகிறது, பூக்கள் எறியப்படுகின்றன. இந்நிகழ்வைப் 'பிரணய கலகம்' என்றும் 'மட்டையடி' என்றும் வழங்குவர்.

தாயாரின் சார்பில் வினாக்கள் எழுகின்றன. பெருமாளின் சார்பில் விடைகள் கூறப்படுகின்றன. நம்மாழ்வார் இடைநின்று சமாதானம் செய்கிறார். கதவு திறக்கிறது. பெருமாளும் தாயாரும் ஒருசேரக் காட்சி தரும் 'சேர்த்தி' அந்நாளில் நிகழ்கிறது. உலகாளும் இறைவனும் தம் செயலுக்கு விடை கூறியே வாயிலைக் கடக்க வேண்டும் என்பது இவ்விழா உணர்த்தும் கருத்து. தாயாரின் ஊடலை எவரும் ஏளனம் செய்வதில்லை. அதனை ஊரே கூடிக் கேட்கிறது.

இல்லத்திலும் நட்பிலும் ஒருவர் பேச்சை நிறுத்தும்போது, அவரது மௌனத்திற்குப் பின்னே ஒரு முறையீடு இருக்கக்கூடும். அதனைக் கேட்க ஒருவர் வராதபோது புலவி துனியாகிறது; துனி பகையாகவும் மாறக்கூடும். அடைத்த கதவு திறப்பதற்கும் உரியது என்பதை ஊடியவரும் மறத்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

திருவண்ணாமலையில் தை 2ஆம் நாள் 'திருவூடல்' விழா நடைபெறுகிறது. அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் ஊடல்கொள்ளும் அத்தெரு 'திருவூடல் தெரு' என்றே பெயர் பெற்றுள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் பிணக்கைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
2. 'ஊடல் ஒரு முறையீடு' – இக்கூற்றை மருதத்திணை வழி நிறுவுக.
3. 'கோபித்தான்', 'கோபித்துக்கொண்டான்' போன்ற வினை இணைகள் ஐந்தினைக் கண்டறிந்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.