பயன்பாட்டுப் புள்ளியியல் முதுநிலைப் படிப்பு: பாடத்திட்டம் எங்கே தொடங்க வேண்டும்?

பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்க முனையும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் பிற பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களை வரவழைத்து ஒப்பிடுவதிலிருந்தே தன் பணியைத் தொடங்குகிறது. நிகழ்தகவு, மதிப்பீட்டுக் கோட்பாடு, கருதுகோள் சோதனை எனத் தலைப்புகள் அடுக்கப்படுகின்றன. ‘பயன்பாடு’ என்ற சொல்லோ கடைசிப் பருவத்தின் செய்முறைத் தாளில் மட்டும் எஞ்சி நிற்கிறது. எண்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பதை அறியாமலே மாணவர் பட்டம் பெற்றுவிட முடிகிறது.

நம் நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாறு இதற்கு மாறானது. பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்காளத்தின் சணல் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் பணி 1937-இல் தொடங்கிற்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை வகுப்பு ஏற்பட்டது 1941-இல்தான். வயல் முந்தியது, வகுப்பறை பிந்தியது.

அந்த வயலிலிருந்தே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். விளைச்சலை மதிப்பிட, வயலில் தற்செயலாகத் தேர்ந்த ஓரிடத்தில் சிறு பரப்பை அளந்து, அதிலுள்ள கதிர்களை அறுத்து எடை போடுவர். இது பயிர் அறுவடைச் சோதனை எனப்படும். அப்பரப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் 1940-களில் மகலனோபிஸுக்கும் பி. வி. சுகாத்மேக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. மிகச் சிறிய பரப்பில் அறுத்தால் விளைச்சல் உண்மையைவிட மிகுதியாகத் தோன்றும் என்று சுகாத்மே எடுத்துக்காட்டினார். எல்லைக் கோட்டின்மேல் நிற்கும் பயிரை அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பே இதற்கு முக்கியக் காரணம்.

இதனை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நான்கு புறமும் 5 சென்டிமீட்டர் அளவுப் பயிர் தவறாகச் சேர்ந்தால், பக்கம் 5.1 மீட்டராகிறது, பரப்பு 25-லிருந்து 26.01 சதுர மீட்டராகிறது. பிழை சுமார் 4 விழுக்காடு. 1 மீட்டர் சதுரத்தில் அதே தவறு நேர்ந்தால் பிழை 21 விழுக்காடு! மாதிரிகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் மாதிரிப் பிழை பாதியாகும். ஆனால் இந்த ஒருபக்கச் சாய்வு அணுவளவும் குறையாது. பாடநூலின் சூத்திரம் இதைக் காட்டாது. அறுவடை நேரத்தில் வரப்பில் நின்று பார்ப்பவருக்கே இது புலப்படும்.

இதன் விளைவு ஏட்டோடு நின்றுவிடுவதன்று. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டை முடிவு செய்ய இச்சோதனைகள் பயன்படுகின்றன. ஒரு பகுதியின் வரையறை விளைச்சல் ஹெக்டேருக்கு 2,000 கிலோ, உண்மை விளைச்சல் 1,600 கிலோ எனக் கொள்வோம். பற்றாக்குறை 20 விழுக்காடு, ரூ. 50,000 காப்பீட்டுக்கு இழப்பீடு ரூ. 10,000. அளவீடு 4 விழுக்காடு மிகுந்து 1,664 கிலோ எனப் பதிவானால் இழப்பீடு ரூ. 8,400 ஆகிவிடும். உழவர் இழப்பது ரூ. 1,600. வரையறை விளைச்சலைத் தந்த முந்தைய ஆண்டுச் சோதனைகளிலும் இதே பிழை இருந்திருப்பின் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே, அளக்கும் முறை இடையில் மாறியதா என்று மாணவர் கேட்கப் பழக வேண்டும். என் கருத்தில், இக்கேள்வியைத் தாமாகக் கேட்பவரே இப்படிப்பின் பயனை அடைந்தவர்.

இந்நோக்கில் இரண்டாண்டுப் படிப்பை அமைப்பதாயின், முதற் பருவத்திலேயே ஒரு கள முகாம் இடம்பெற வேண்டும். நிகழ்தகவும் அணிக்கோவையும் அதனுடன் இணையாக நடக்கலாம். முகாமில் மாணவர் வீடுதோறும் வயதைக் கேட்டு எழுதட்டும். 0, 5 என முடியும் வயதுகள் அளவுக்கு மீறிக் குவிவதை அவர்கள் தம் கையாலேயே காண்பர். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் நெடுங்காலமாகக் காணப்படும் குறை இது. மாதிரி எடுத்தலும் சோதனை வடிவமைப்பும் இரண்டாம் பருவத்துக்கு உரியவை. காலத்தொடர், அரசுப் புள்ளிவிவரம் ஆகியன மூன்றாவதில் வரலாம். கணிப்பொறிப் பயிற்சி தனித் தாளாக இராமல் எல்லாத் தாள்களிலும் கலந்திருத்தல் நலம். இடமில்லையே என்பர். அளவைக் கோட்பாட்டை விருப்பப் பாடமாக்கினால் இடம் கிடைக்கும். கணித நண்பர்கள் பொறுத்தருள்க.

பொருளியல், வேளாண்மைப் பட்டதாரிகளுக்கும் இடமளிக்கலாம். அவர்களுக்கு முன்கூட்டியே கணிதப் பயிற்சி தேவைப்படும். ஆசிரியர் கிடைப்பதே இதைவிடக் கடினம். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் கொண்டு நியமனம் செய்யும் முறையில், இருபதாண்டு களப்பணி செய்த மாநிலப் புள்ளியியல் துறை அதிகாரி வகுப்பறைக்குள் வர வழியில்லை. அவரை வருகைதரு ஆசிரியராக அழைக்க விதிகளில் இடம் செய்துகொள்ள வேண்டும்.

இறுதிப் பருவ ஆய்வேட்டை மதிப்பிடும்போது முடிவுரைக்கு அளிக்கும் மதிப்பெண்ணுக்குக் குறையாமல் களக் குறிப்பேட்டுக்கும் அளிப்பது முறை. எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன, எவர் விடையளிக்க மறுத்தனர், எந்தக் கேள்வி மாற்றி எழுதப்பட்டது என்பன அதில் இருக்க வேண்டும். புறத்தேர்வாளர் முதலில் கேட்டு வாங்க வேண்டியதும் அந்தக் குறிப்பேட்டையே.