இளவேனிற் காட்டில் ஒரு பறவைப் பாடம்

(பி.எஸ்ஸி. விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

பறவைகளைப் பற்றி நாம் நூல்களில் நிறையப் படிக்கிறோம். அலகின் வடிவம், காலின் அமைப்பு, காற்றறை எலும்பு ஆகியவற்றைப் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆயின், கிளையில் அமர்ந்திருக்கும் பறவையைக் கண்டு, 'இது இன்னது' என்று சொல்லும் ஆற்றல் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு? அவ்வாற்றலை வளர்க்கும் வழிகளுள் சிறந்தது, காடறிந்த ஒருவருடன் காட்டுக்குள் சென்று வருவதே. கடந்த பங்குனித் திங்களில் முதுமலைக்குச் சென்ற பறவை நோக்குக் குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். அங்குக் கற்றவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

காடும் பருவமும்

நீலகிரி மலையின் வடபால் அமைந்தது முதுமலை. 1940ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக்கப்பெற்ற இக்காடு, 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. இதன் மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுகிறது. கிழக்கே மசினகுடிப் பக்கம் மலை மறைவில் இருத்தலால் மழை குறைவு. ஆகவே ஈரமான காடு, இலையுதிர் காடு, முட்புதர்க் காடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். காடு மாற மாறப் பறவைகளும் மாறுகின்றன.

நாட்காட்டியில் சித்திரையும் வைகாசியுமே இளவேனில். காடோ மாசியிலேயே அதற்கு அணியமாகிவிடுகிறது. நாங்கள் சென்றபோது இலவமும் புரசும் இலையை உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களைச் சுமந்து நின்றன. மைனாக்களும் கரிச்சான்களும் அப்பூக்களின் தேனுக்காக மொய்த்தன. குளிர்நாடுகளில் இளவேனில் என்றால் இலை தளிர்க்கும் காலம். நம் இலையுதிர் காட்டிலோ அது இலையற்ற காலம். எனவே மறைவு குறைந்து, பறவை எளிதிற் கண்ணில் படும். பல பறவைகள் கூடு கட்டும் காலமும் இதுவே ஆதலால், இணையை அழைக்கவும் தன் எல்லையை அறிவிக்கவும் ஆண்பறவை ஓயாது குரல் கொடுக்கும். பறவை நோக்குவோர் இப்பருவத்தை விரும்புதற்கு இவையே காரணங்கள்.

செவியே முதற் கருவி

வனத்துறையார் எங்களுடன் அனுப்பிய வழிகாட்டி அம்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். விடிந்ததும் நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரந்தோறும் தேடுவதைக் கண்டு, "அதைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. முதல்ல கேளுங்க, சத்தம் எந்தப் பக்கம்னு தெரிஞ்ச பிறகு பாருங்க" என்றார்.

கண்ணை மூடிக் கேட்டோம். செம்புத் தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி இடைவிடாது வந்தது. அது செம்மார்புக் குக்குறுவான். அலகைத் திறவாமலே அது ஒலி எழுப்புகிறது. ஒவ்வோர் ஒலிக்கும் தொண்டை உப்பித் தணிவதைப் பின்னர்ப் பைனாகுலரில் தெளிவாகக் கண்டோம். படிப்படியாக ஏறி, உச்சியில் சட்டென நிற்கும் குரல் அக்காக்குயிலுடையது. வெயில் ஏறும் காலத்தில்தான் அதன் குரலும் ஓங்கும்.

குறிப்பேட்டில் 'கண்டது', 'கேட்டது' என இரு பத்திகள் இடச் சொன்னார் எங்கள் பேராசிரியர். ஐயமுள்ள இடத்தில் இனப்பெயர் எழுதக்கூடாது என்பதும் அவர் இட்ட விதி. பத்துக் கிராம் எடைகூட இல்லாத ஒரு கதிர்க்குருவி மரவுச்சியில் பூச்சி பிடித்துத் திரிந்தது. இவ்வகைக் குருவிகளுள் பல ஒன்றுபோலவே இருப்பன. குரலே அவற்றைப் பிரித்தறிய உதவும். அதுவோ வாய் திறக்கவில்லை. 'கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை' என்றே எழுதினோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் அறிவியலே.

ஓடைக்கரையில் வாலை ஆட்டியபடி நடந்த சாம்பல் வாலாட்டியும் நம் நாட்டின் தென்பகுதிக்குக் குளிர்கால விருந்தாளியே. சித்திரைக்குள் அது இமயமலைக்கோ அதற்கு அப்பாலோ கூடு கட்டச் சென்றுவிடும்.

பட்ட மரத்தின் பயன்

மேற்குப் பகுதியில் ஒரு முதிய மரத்தின் பொந்தைத் தொலைவிலிருந்து காட்டினார் வழிகாட்டி. மலபார் சாம்பல் இருவாச்சியின் கூடு அது. பெண்பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவின் வழியாக ஆண்பறவை அத்திப் பழமும் பூச்சியும் ஊட்டும். வாயிற்பக்கம் மனிதர் நின்றால் ஆண்பறவை கூட்டை அணுகாது. உள்ளிருப்பவை பட்டினி கிடக்கும். எனவே ஐந்து நிமிடத்தில் அவ்விடம் விட்டு அகன்றோம். பொந்துள்ள மரமும் பட்டுப்போன மரமும் வெறும் விறகல்ல. இருவாச்சி, குக்குறுவான், மரங்கொத்தி, ஆந்தை ஆகியவற்றின் வீடுகள் அவை.

பாறு சொல்லும் பாடம்

நண்பகலில், மோயாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் ஆறு பெரும்பறவைகள் வட்டமிட்டன. சிறகின் அடிப்பகுதியில் முன்பாதி வெண்மை, பின்பாதி கருமை. அவை வெண்முதுகுப் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என நாம் அழைப்பதற்குப் பழந்தமிழ்ப் பெயர் பாறு. இப்பள்ளத்தாக்கின் ஆற்றோர நீர்மருத மரங்களில் அவை கூடு கட்டுகின்றன.

1980களில் ஊர்தோறும் காணப்பட்ட இப்பறவை, 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் 99 விழுக்காட்டிற்கு மேல் அழிந்துபோயிற்று. காரணத்தை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மாடுகளுக்கு வலி தீர இடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறின் உடலிற் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை 2006ஆம் ஆண்டில் நம் அரசு தடை செய்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டன. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் என்னும் மாற்று மருந்து உண்டு. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவையாதலால், இழந்த எண்ணிக்கையை அது விரைவில் மீட்க இயலாது.

எங்கள் வீட்டிலும் இரண்டு பசுக்கள் உண்டு. அவற்றுக்கு ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்டறியுமாறு அப்பாவிடம் கூறியுள்ளேன். நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் மாடு வளர்க்கும் குடும்பத்தினர். அவர்களும் இவ்வொரு கேள்வியைக் கேட்கலாம்.

முடிவாக ஒன்று. பறவை நோக்கலுக்கு முதுமலைதான் வேண்டும் என்பதில்லை. நம் விடுதிக்குப் பின்னுள்ள வேப்பமரம் போதும். ஒரு குறிப்பேடும் விடியற்காலை அரைமணி நேரமும் போதும். நாள், நேரம், இடம், கண்டது, கேட்டது ஆகியவற்றைத் தவறாமல் எழுதி வருவோம். எந்தப் பறவை எப்போது வந்தது, எப்போது வராமற்போயிற்று என்பதை நாளை ஆய்வோர்க்கு அக்குறிப்பே சான்றாகும்.